குடுத்தாச்சு

மதுரை

அன்புள்ள சண்முகத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் பங்குனியில் வந்தது. இப்போது ஆவணி பிறந்துவிட்டது. இத்தனை நாள் எழுதாமல் இருந்தது என் தவறுதான். சென்ற வாரம் வீட்டில் நடந்த ஒன்றை உன்னிடம் மட்டுந்தான் சொல்ல முடியும். வேறு யாரிடம் சொன்னாலும், ஒரு நிறுத்தக்குறி விட்டுப்போனதற்கா இவ்வளவு கலக்கம் என்று கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை செல்வி ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தாள். எட்டரை மணிக்கு அவளிடமிருந்து என் கைபேசிக்குச் செய்தி வந்தது: 'அம்மாவுக்கு மாத்திரை குடுத்தாச்சு'. கொடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள் என்று எண்ணி 'சரி' என்று பதில் போட்டேன். அதைப் பார்த்தவள், நான் கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டாள். அவள் எனக்குச் செய்தி சொல்லவில்லை, சண்முகம், கேள்வி கேட்டிருக்கிறாள். இரத்த அழுத்த மாத்திரை போடாமலே அம்மா அன்றிரவு படுத்துவிட்டார். மறுநாள் காலை அவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது என் கைகால் ஓடவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 'குடுத்தாச்சு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

எ, யா ஆகியவை சொல்லின் முதலிலும், ஆ, ஓ ஆகியவை இறுதியிலும், ஏ இரண்டு இடத்திலும் நின்று வினாவை உணர்த்தும் என்று நன்னூலில் படித்தோமே, நினைவிருக்கிறதா? 'கொடுத்தாயா' என்று எழுதினால் குறி விட்டுப்போனாலும் கேள்வி கேள்வியாகவே நிற்கும். ஆனால் பேசும்போது நாம் அந்த 'ஆ'வை அடிக்கடி விட்டுவிடுகிறோம். 'சாப்பிட்டாச்சு', 'கிளம்பியாச்சு' என்று கடைசி அசையில் குரலைச் சற்று ஏற்றினாலே எதிரில் இருப்பவர் கேள்வி என்று புரிந்துகொள்வார். கைபேசியில் நாம் பேச்சுத் தமிழை அப்படியே தட்டுகிறோம். குரலின் அந்த ஏற்றம் எழுத்தில் வந்து நிற்பதற்கு இருக்கும் ஒரே இடம் வினாக்குறிதான். செந்தமிழில் அலங்காரமாகக்கூட இருந்திருக்கக்கூடிய ஒரு குறி, பேச்சுத் தமிழில் வாக்கியத்தின் பொருள் முழுவதையும் சுமக்கிறது. அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

ஓலைச்சுவடியில் நிறுத்தக்குறியும் கிடையாது, சொல்லுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இராது, அதனால் தமிழ் அழிந்தா போயிற்று என்று நீ வாதாடுவாய்; உன்னை எனக்குத் தெரியும். ஓலையில் இருந்த இலக்கியங்களில் பெரும்பகுதி செய்யுள். எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சீரும் எதுகையும் காட்டிக்கொடுத்தன. படித்தவர்களும் ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்கள். அப்படியிருந்தும் அவற்றை அச்சுக்குக் கொண்டுவர உ.வே.சாமிநாதையர் எத்தனை ஆண்டுகள் ஏடுகளோடு போராடினார்! இரவு எட்டரை மணிக்கு வரும் ஒற்றை வரிக்குச் சீரும் இல்லை, எதுகையும் இல்லை.

இடைவெளியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அச்சகத்தில் எழுத்துக் கோத்த நமக்கு அதுதான் தொழில். கேஸ் என்ற எழுத்துப் பெட்டியிலிருந்து எழுத்தை எடுத்ததைப் போலவே இடைவெளியையும் நாம் விரலால் எடுத்துத்தான், வரியைக் கோக்கும் ஸ்டிக்கில் வைத்தோம். எழுத்தைவிட உயரம் குறைந்த அந்த ஈயத்துண்டில் மை படாது. தாளில் தெரியாத அதற்கும் கையில் ஒரு கனம் உண்டு. அது இடம் மாறியிருந்தால் அச்சகத்தில் மாரியப்பண்ணன் முகத்தில் விழிக்க முடியுமா? இன்று திரையில் சொற்பரிந்துரையைத் தொட்டால் பல கைபேசிகளில் சொல்லோடு இடைவெளியும் தானாக வந்து விழுகிறது. அதன் பிறகு புள்ளி வைப்பவர்கள் 'வந்தேன் .பார்த்தேன்' என்று எழுதுகிறார்கள். முந்தைய வாக்கியத்தை முடிக்க வேண்டிய புள்ளி அடுத்த வாக்கியத்தின் தலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. சொல்லோடு ஒட்டி வரவேண்டிய வேற்றுமை உருபு, விகுதி போன்றவற்றின் நிலை இன்னும் மோசம். 'மதுரை க்கு', 'சென்னை யில்', 'வர வில்லை', 'மாணவர் கள்' என்று நாள்தோறும் பார்க்கிறேன். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் சொல்லும் மொழியில், வரியின் தொடக்கத்தில் 'க்கு' தனியாக நிற்பதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

இனி உன் வழக்கு. நீ ஒரு புள்ளியோடு நிறுத்தியதை நான் பார்த்ததே இல்லை. 'சரிடா......', 'பார்ப்போம்......' என்று எண்ணி வைத்தாற்போல் ஆறு புள்ளிகள். அச்சகத்தில் புள்ளி எழுத்து தீர்ந்துபோனதெல்லாம் உன்னால்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் மாசியில் ஓரிரவு 'லட்சுமிக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது......' என்று அனுப்பிவிட்டு நீ தூங்கப் போய்விட்டாய். ரிப்போர்ட் நல்லபடியாக வந்திருந்தது. உனக்கு அந்தப் புள்ளிகள் பெருமூச்சு. எனக்கோ அவை சொல்ல முடியாத ஏதோ ஒன்றை நீ விழுங்கிக்கொண்டதாகத் தெரிந்தன. விடியும்வரை நான் கண்ணை மூடவில்லை. இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார், உன்னை விசாரித்தார். செல்வி அந்தச் செய்தியை நினைத்து இரண்டு நாள் அழுதாள். இப்போது மாத்திரை அட்டையைப் படமெடுத்து அனுப்பி, கீழே 'குடுத்தாச்சா?' என்று 'ஆ'வையும் குறியையும் சேர்த்தே போடுகிறாள். அடுத்த மாதம் லட்சுமிக்கு மறுபரிசோதனை என்று எழுதியிருந்தாய். முடிவு வந்தவுடன், இரவு எந்நேரமானாலும், எனக்கு ஒரு வரி அனுப்பு. கடைசியில் ஒரே ஒரு புள்ளி வை.

அன்புடன்,
ராமநாதன்