ஊர் மாறினால் நாவல் போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாவல்கள் படமாவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கன்னியாகுமரிப் பக்கத்து நாஞ்சில் நாட்டு எழுத்து சினிமாவுக்குப் போனால் பேச்சும் மண்ணும் கழன்றுவிடுகின்றன, ஆகவே ஒரு படமும் நாவலைத் தொடவில்லை என்று தீர்ப்பே எழுதிவிட்டார் கட்டுரையாளர். எங்கள் ஊர்க்காரர்கள் இதற்குத் தலையாட்டுவார்கள். முதல் தடவை நானும் ஆட்டினேன்.

நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' 1977இல் வந்த நாவல். தங்கர் பச்சான் அதை 2002இல் 'சொல்ல மறந்த கதை' என்று எடுத்தபோது, கதையைத் தன் கடலூர்ப் பக்கத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் கோபத்தில் நான் தியேட்டருக்கே போகவில்லை. கதாநாயகன் சிவதாணு என்ற பெயரிலேயே சுசீந்திரம் கோயில் சாமி தாணுமாலயன் இருக்கிறார். அந்தப் பெயர்க்காரனை முந்திரிக்காட்டுச் சீமையில் நிறுத்தினால் எப்படி ஒட்டும்?

பிறகு டிவியில் போட்டபோது சித்தப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். சித்தப்பா நாவல் படிக்கிற ஆள் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் மாமனார் வீட்டில் இருந்தவர். இன்றைக்கும் எந்தப் பந்தியிலும் இரண்டாம் தடவை சோறு கேட்க மாட்டார். தீயல் குழம்பு வாளி இலைக்கு நேரே வந்து நின்றாலும், விளம்புகிறவன் பார்த்து ஊற்றினால்தான் உண்டு. படத்தில் சிவதாணுவாக வரும் சேரன் மாமனார் வீட்டில் குறுகிப்போகிற இடம் வந்ததும் சித்தப்பா சத்தமில்லாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். விளம்பரம் போட்டதும் நானும் வெளியே போனேன். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "இது எங்கயோ வடக்க நடக்க கதைன்னா சொன்ன? நம்ம தெருவுல நடந்ததாக்கும் மக்கா" என்றார்.

படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் ஒருவன், வசதியான வீட்டில் பெண் எடுத்து, அங்கே தின்னும் ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கு வைக்கப்படுவதை உணர்வதுதான் அந்த நாவல். வயலும் வீட்டுத் தார்சாவும் அடுக்களைப் பேச்சும் அதைச் சுற்றி இருப்பவை. அவை போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. நாஞ்சில் நாடன் பக்கத்துக்குப் பக்கம் வைக்கிற எள்ளலும் படத்தில் கரைந்துவிட்டது. படத்தில் அழுகை கொஞ்சம் தூக்கல். ஆனால் அந்தக் கவளக் கணக்கு தப்பவில்லை. சித்தப்பாவை எழுப்பிவிட்டது அதுதான்.

கட்டுரையாளர் இதோடு சேர்த்து ஒரே வரியில் தள்ளிவிட்ட 'நான் கடவுள்' வேறு விஷயம். 2009இல் வந்த படம், பாலாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. அதன் பாதி ஜெயமோகனின் 'ஏழாம் உலக'த்திலிருந்து எடுத்தது, வசனமும் அவரே. அப்படியிருந்தும் நாவலின் முதுகெலும்பு அதில் இல்லை என்பேன். நாவலில் போத்திவேலு பண்டாரம் முருகபக்தர், மகள்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர், கல்யாணச் செலவை நினைத்து ராத்தூக்கம் கெட்டவர். அதே மனுஷன்தான் உடல் ஊனமான பிச்சைக்காரர்களை 'உருப்படி' என்று எண்ணி, வாங்கி விற்கிறார். படிக்கும்போது இந்த ஆளை எனக்குத் தெரியுமே, என் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாமே என்று அடிவயிறு கலங்கும். படத்தில் அந்த இடத்துக்கு மொட்டைத் தலையும் கரகரத்த குரலுமாகத் தாண்டவன் வந்துவிட்டான். தாண்டவனாக நடித்த ராஜேந்திரன் பயமுறுத்தத்தான் செய்தார், மறுக்கவில்லை. ஆனால் தாண்டவனை வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கலாம். பண்டாரத்தை அப்படி விட்டுவிட்டு வர முடியாது. அந்தப் படம் எங்கள் ஊரிலேயே, எங்கள் பேச்சிலேயே எடுக்கப்பட்டிருந்தாலும் இந்தக் குறை அப்படியேதான் இருந்திருக்கும்.

நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்', 'மகிழ்ச்சி' என்ற பெயரில் 2010இல் படமானதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். இரணியல் செட்டிமார் வீட்டுச் சடங்குகளும் உண்ணாமலை ஆச்சி சொல்கிற பழங்கதைகளும் இரண்டரை மணி நேரத்தில் அடங்காது. திரவியையும் அவன் அக்கா தங்கைமாரையும் பிடித்துக்கொண்டால்தான் படம் நகரும். அதைக் குறையாக எண்ண எனக்கு மனமில்லை.

பேச்சு வழக்கு பற்றியும் ஒன்று. வாக்கியத்துக்கு வாக்கியம் 'லேய்' போட்டால் குமரித் தமிழ் என்று நம்புகிறவர்கள் சினிமாவில் இருக்கிறார்கள். குமரி மாவட்டத்துக்குள்ளேயே விளவங்கோட்டுப் பேச்சு தோவாளையில் கிடையாது. கடற்கரைப் பேச்சு இரண்டிலும் சேராது. அந்த ஒட்டுப்பேச்சைக் கேட்பதற்குப் பதில் சிவதாணு கடலூர்த் தமிழே பேசிவிட்டுப் போகட்டும்.

போன வாரத்திலிருந்து சித்தப்பாவுக்குத் 'தலைகீழ் விகிதங்கள்' வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். வயல், கோயில், ஊர்வம்பு வருகிற பக்கங்களில் சிரிக்கிறார், திரும்ப வாசிக்கச் சொல்கிறார். மாமனார் வீடு வந்ததும், "லைட்ட அணை, நாளைக்குப் பாப்போம்" என்கிறார். மூன்று நாளாக அந்த இடத்திலேயே நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
பூதப்பாண்டி, கன்னியாகுமரி மாவட்டம்.