ஒரு மாணவருக்கு ஒரு சிப்பாய்: தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ப்டன் பகுதித் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 11 நினைவு நாளுக்காக மாணவர்கள் செய்யும் ஒப்படைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரு பொப்பிப் பூ, பிரான்ஸில் உள்ள விமி போர் நினைவுச்சின்னத்தின் படம், முதலாம் உலகப் போரில் ஏறத்தாழ 61,000 கனேடியப் படையினர் மாண்டார்கள் என்று ஒரு வரி. எழுதியதில் பிழை இல்லை. ஆனால் அந்த 61,000 பேரில் ஒருவரைக்கூட அறியாமலே பிள்ளை ஒப்படையை முடித்துவிடுகிறது. இந்த ஆண்டு ஒரு மாணவருக்கு ஒரு சிப்பாய் என்று பிரித்துக் கொடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அதற்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கனடா நூலக ஆவணக் காப்பகம் முதலாம் உலகப் போர்ப் படையினரின் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை ஸ்கேன் செய்து, 2018இல் அந்த வேலையை முடித்தது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரைத் தெரிவு செய்தால் சேவையில் இறந்தவர்களின் கோப்புகள்தான் திறந்திருக்கும். உயிரோடு திரும்பியவர்களின் கோப்புகளுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும், நாளும் ஆகும். எனவே வகுப்புக்கு முதல் போரே வசதி.

உங்கள் ஊர் நினைவுத்தூணில் ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அதே பெயரில் பலர் வருவார்கள். முதலில் கனேடிய மெய்நிகர் போர் நினைவகம் என்ற இணையத்தளத்தில் அவருடைய படை இலக்கத்தைக் கண்டுபிடித்து, அந்த இலக்கத்தோடு காப்பகத்தில் தேடினால் ஆள் மாறாது.

கோப்பில் முதலில் பார்க்க வேண்டியது சேர்ப்புப் பத்திரம். பிறந்த இடம், தொழில், நெருங்கிய உறவினர், உயரம், கண்ணின் நிறம், மூச்சை இழுத்தால் மார்பு எத்தனை அங்குலம் விரியும் என்பது வரை அதில் இருக்கும். பிறந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். 1914இல் கப்பலேறிய முதல் அணியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பிரிட்டனில் பிறந்து கனடாவுக்கு வந்து குடியேறியவர்கள்.

அதே பத்திரத்தில்தான் ஏமாறக்கூடிய முதல் இடமும் இருக்கிறது. சேர்ந்த பட்டாலியனும் (படைப்பிரிவும்) போரிட்ட பட்டாலியனும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கனடாவில் திரட்டிய பட்டாலியன்கள் பலவற்றை இங்கிலாந்தில் கலைத்து, ஆட்களை முன்னணிப் பட்டாலியன்களுக்கு அனுப்பினார்கள். பஞ்சாபிலிருந்து வந்த பக்கம் சிங் 1915இல் ஸ்மித்ஸ் ஃபோல்ஸில் 59ஆம் பட்டாலியனில் சேர்ந்தார். போரிட்டது 20ஆம் பட்டாலியனோடு. 1916இல் இரண்டு முறை காயப்பட்டார். காசநோயால் 1919இல் தமது 25ஆவது வயதில் இறந்தார். கிச்சினர் நகரின் மவுண்ட் ஹோப் மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாளில் போய் வந்துவிடலாம்.

அடுத்தது சேவைப் படிவம். இதில் இரண்டு இடங்களில் திகதி இருக்கும். இடப்பக்கம் உள்ளது அறிக்கை வந்த நாள், வலப்பக்கம் உள்ளது சம்பவம் நடந்த நாள். இடப்பக்கத் திகதியை எடுத்தால் காயப்பட்ட நாள் தவறிவிடும், அதற்குப் பிறகு தேடுவதெல்லாம் பிழைத்துப்போகும். 'எஸ்.ஓ.எஸ்.' என்றிருந்தால் அபாய அழைப்பு அல்ல, அந்தப் பிரிவின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். 'டி.ஓ.எஸ்.' என்றால் பட்டியலில் சேர்த்தார்கள். 'ஜி.எஸ்.டபிள்யூ.' என்பது துப்பாக்கிச் சூட்டுக் காயம், ஆனால் ஷெல் துண்டு பட்ட காயத்தையும் அப்படியே எழுதிவிடுவார்கள். 'பி.யு.ஓ.' காரணம் தெரியாத காய்ச்சல், பல வேளைகளில் அது பேன் பரப்பிய பதுங்குகுழிக் காய்ச்சல். பாலியல் நோய்க்கான சிகிச்சையும் சில கோப்புகளில் பதிவாகியிருக்கும். மாணவர் கையில் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை முழுவதும் வாசித்துவிடுங்கள்.

சரியான திகதி கிடைத்ததும் அவர் அப்போது இருந்த பட்டாலியனின் போர் நாட்குறிப்பை, அதாவது அந்தப் பிரிவு நாள்தோறும் எழுதிவைத்த பதிவை, திறக்கலாம். அதுவும் இணையத்தில் உண்டு. அதிகாரி காயப்பட்டால் பெயரோடு எழுதுவார்கள், சாதாரணச் சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருவார்கள். உங்கள் மாணவர் தேடும் மனிதர் அந்த எண்ணிக்கைக்குள் இருப்பார். இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சம்பளத் தாள்களைப் பலரும் தள்ளிவிட்டுப் போகிறார்கள். எங்களுக்குக் கோப்பிலேயே மதிப்பான பகுதி அதுதான். சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு 1 டொலர், களப்படி (களத்தில் இருப்பதற்கான கூடுதல் படி) 10 சதம். 30 நாள் மாதத்துக்கு 33 டொலர். அதில் 20 டொலரைத் தாய்க்கோ மனைவிக்கோ ஒதுக்கிவிட்டால் கையில் மிஞ்சுவது 13. விடுப்பு முடிந்து பிந்தி வந்தால் அதிலும் வெட்டு. யாருக்கு, எந்த முகவரிக்கு அந்தப் பணம் போனது என்பது தாளிலேயே இருக்கும். ஊருக்குக் காசு அனுப்புகிற வீடுகளில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நாங்கள் அடிக்கடி காணும் தவறு இன்னொன்று உண்டு. விமி நினைவுச்சின்னத்தில் பெயர் இருப்பதால் 1917 ஏப்ரலில் விமியில் இறந்தார் என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே செதுக்கப்பட்ட 11,285 பெயர்களும் பிரான்ஸில் மாண்டு, கல்லறை எதுவென்று அறியப்படாத கனேடியர்களுடையவை. 1916இல் சோம் களத்தில் மறைந்தவரும் 1918இல் கம்ப்ரேயில் மறைந்தவரும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். பெல்ஜியத்தில் அப்படிக் காணாமற்போனவர்களின் பெயர்கள் அங்குள்ள மெனின் வாயில் நினைவுச்சின்னத்தில் உள்ளன.

தயவுசெய்து 'நான் இந்தச் சிப்பாய், என் மனம் நடுங்குகிறது' என்று கற்பனை நாட்குறிப்பு எழுதச் சொல்லாதீர்கள். அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்க வேண்டாம். கோப்பில் உள்ளதை வைத்து ஒரு பக்கம் எழுதினால் போதும்: எங்கே பிறந்தார், என்ன வேலை செய்தார், எந்தப் பிரிவில் எங்கே நின்றார், யாருக்குப் பணம் அனுப்பினார், என்ன ஆனார்.

கையெழுத்தை வாசித்துப் பழகவே இரண்டு வகுப்புகள் ஆகும். ஆகவே ஒக்டோபர் நன்றியறிதல் விடுமுறைக்கு முன்பே பெயர்களைக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
போர்க்காலக் கோப்புகளை வாசிக்க உதவும் தன்னார்வலர்கள்