ஜார் மன்னரின் தயக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போரின் தொடக்கம் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ரஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலஸை முடிவெடுக்கத் தெரியாத கோழை என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தது. பள்ளியில் நெடுங்காலம் வரலாறு கற்பித்த என் மனம் இதை ஏற்க மறுக்கிறது.

1914 ஜூலை 29 அன்று நாட்டின் படைகள் அனைத்தையும் போருக்குத் திரட்டும் பொதுப் படைதிரட்டல் ஆணையில் அவர் கையெழுத்திட்டிருந்தார். அன்றிரவு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தலைமைத் தந்தி நிலையத்தில் மற்ற தந்திகளையெல்லாம் நிறுத்திவைத்துவிட்டு, பேரரசின் மூலைமுடுக்கெங்கும் அந்த ஆணையை அனுப்பக் கருவிகளின் முன் ஊழியர்கள் காத்திருந்த வேளையில், ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்மின் தந்தியைப் படித்த ஜார் அந்த ஆணையை நிறுத்தச் சொன்னார். ‘வில்லி’, ‘நிக்கி’ என்று ஒருவரையொருவர் விளித்துக்கொண்ட உறவினர்கள் அவர்கள். போருக்கு வித்திட்ட ஆஸ்திரியா–செர்பியா சிக்கலை, நாடுகளின் பூசல்களைத் தீர்க்கும் ஹேக் நடுவர் மன்றத்திடம் விட்டுவிடலாம் என்றும் நிக்கி அன்றே எழுதினார். 1899-இல் ஹேக் அமைதி மாநாடு கூடக் காரணமானவரும் அவர்தாம்.

மறுநாள் பிற்பகல் பீட்டர்ஹாஃப் அரண்மனையில், ஆணையை மீண்டும் பிறப்பிக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சர் சசோனோவ் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வாதாடினார். ஆயிரமாயிரம் பேரைச் சாவுக்கு அனுப்பும் பொறுப்பை எண்ணிப் பாருங்கள் என்று வருந்திய மன்னர், கடைசியில் இசைந்தார். மீண்டும் அவர் மனம் மாறிவிடுவாரோ என்ற அச்சத்தில், இனி உங்கள் தொலைபேசியை உடைத்துவிடலாம் என்று படைத் தலைமை அதிகாரியிடம் அமைச்சர் சொன்னாராம்.

அந்தத் தயக்கத்தில் நான் குறை காணவில்லை. நாட்டை ஆயத்தமின்றி விட்டுவிட்டான் என்ற பழி வரக்கூடாது என்பதையே கடமையென்று நம்பி, முந்தைய இரவு காட்டிய உறுதியைக் கைவிட்டாரே, அங்கேதான் அவர் தவறினார். ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ரஷ்யாமீது போர் அறிவித்தது.

அந்தப் போர் நம் ஊருக்கும் வந்தது. செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சுட்டதில் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன, உயிர்களும் போயின. உயர் நீதிமன்ற மதிலில் உள்ள நினைவுக் கல்லைக் காட்ட மாணவர்களை அழைத்துச் சென்றபோது, ஒரு சிறுவன் கல்லின்மேல் கையை வைத்தபடி, “நமக்கும் அவங்களுக்கும் என்ன சார் சண்டை?” என்று கேட்டான். அன்று என்னால் சரியாக விடை சொல்ல முடியவில்லை.

வில்லியும் நிக்கியும் அனுப்பிக்கொண்ட தந்திகளைத் தாங்கள் தமிழில் முழுமையாக வெளியிட வேண்டும். அவற்றைப் படித்த பிறகு வாசகர்களே அந்த மன்னரை எடைபோடட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மயிலாப்பூர், சென்னை