டிரம்ஸ் இல்லாத ராக் பாட்டு

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் 'செல்டம் சீன்' என்ற அமெரிக்க இசைக்குழுவைப் பற்றி வந்த கட்டுரை, ராக் பாட்டின் வேகத்தைக் கூட்டினால் ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை ஆகிவிடும் என்பதுபோல் எழுதியிருந்தது. அப்படிச் செய்தால் இரைச்சல்தான் மிஞ்சும்.

1971-ல் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் தொடங்கிய இந்தக் குழு ஜேம்ஸ் டெய்லர், ஜே.ஜே. கேல் போன்ற ராக் பாடகர்களின் பாட்டுகளையெல்லாம் எடுத்தது. டிரம்ஸை மட்டும் எடுக்கவில்லை. அந்த வேலையை இருவர் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான்கு எண்ணிக்கையில் 1, 3 தாழ்ந்த சுரம் தரும் பெரிய தந்தி வாத்தியமான பாஸுக்கு. 2, 4 மாண்டலினுக்கு. மாண்டலினின் இந்த வெட்டுக்கு 'சாப்' என்று பெயர். நான்கு ஜோடித் தந்திகளும் விரலடியில் இருக்க வேண்டும். மீட்டிய கணமே அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், ஆனால் விரல் தந்தியை விட்டு எழக் கூடாது. ஒரு ஜோடி விடுபட்டாலும் 'டக்' என்று விழ வேண்டியது 'டங்ங்' என்று இழுக்கும். மாண்டலின்காரர் தனியாக வாசிக்கப் போனால் சாப் நின்றுவிடும். அப்போது ஐந்து தந்தி வாத்தியமான பான்ஜோ 2, 4-ஐ ஏற்காவிட்டால் காலப்பிரமாணம் ஓடத் தொடங்கும். புதுக் குழுக்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

பான்ஜோவில் ஒலி சட்டென்று அடங்கிவிடும். எலெக்ட்ரிக் கிதார் நீட்டிப் பிடிக்கும் சுரத்தை அதில் மூன்று விரலால், எட்டுச் சுரமாக, 3+3+2 என்று பிரித்து நிரப்புவார்கள். மெதுவான பாட்டில் அந்த நிரப்பலே சாகித்தியத்தை மூழ்கடித்துவிடும். அங்கே குழுவின் மைக் ஆல்ட்ரிட்ஜ் மடியில் கிடத்தி வாசித்த டோப்ரோ என்ற கிதார் முன்னுக்கு வரும். முதல் அணியில் ஃபிடில் கிடையாது. அந்த இழைவைக் கொடுத்ததும் டோப்ரோதான். ஆறு தந்திகளையும் ஜி, பி, டி, ஜி, பி, டி என்று கூட்டி, உலோகக் கட்டையால் வழுக்கி வாசிப்பது நம் கோட்டுவாத்தியக்காரர்களுக்குப் புதிதல்ல. கட்டை, கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். கிதார் பழக்கத்தில் சற்றுப் பின்னால் வைத்தால் சுருதி இறங்கிவிடும்.

பாடகரின் குரலுக்காக பி சுருதிக்குப் போனால் பான்ஜோவில் நான்காம் ஃப்ரெட்டில் தந்திகளைச் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கவ்வியைப் போடுவார்கள். அது மட்டும் போதாது. குட்டையான ஐந்தாம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டில்தான் தொடங்குகிறது. கேப்போவுக்கு அது எட்டாது. ஒன்பதாம் ஃப்ரெட்டில் அடித்த சிறு ஆணிக்கடியில் அதைத் தனியே மாட்ட வேண்டும். மறந்தால் அந்த ஒரு தந்தி பாட்டு முழுக்க அபசுரமாய்க் கத்தும்.

"பகுதிநேரக் கலைஞர்கள்" என்பதைக் கட்டுரை ஒரு குறையாகச் சொல்கிறது. முதல் அணியில் ஜான் ஸ்டார்லிங் மருத்துவராகவும், பென் எல்ட்ரிட்ஜ் கணிதவியலாளராகவும், டாம் கிரே நிலப்படம் வரைபவராகவும் இருந்தார்கள். வேலையை வைத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. ஆகவே வாரம் ஒரு நாள் ஒரே இடம், பல ஆண்டுகள் வியாழன்தோறும் வர்ஜீனியாவின் பர்ச்மியர் அரங்கம். வாராவாரம் வரும் ரசிகருக்கு ஒரே பட்டியலை வாசிக்க முடியுமா? பாட்டு வகை விரிந்ததற்கு இந்த வியாழக்கிழமைகளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கட்டுரையோடு வந்த படத்தில் மடியில் கிடப்பது பான்ஜோ அல்ல, டோப்ரோ.

– வாசகர், கோவை