ஞாயிறு ஆட்டம்: காட்டில் உணவு தேடும் விதிகள்

கொழிஞ்சாம்பாறை குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த ஞாயிறு நம் பகடைக் கதையாட்டத்தில், நாம் ஏற்று நடிக்கும் பயணிகள் வறண்ட மலைக்காட்டுக்குள் நுழைகிறார்கள். சென்ற முறைபோல உணவைக் கணக்கில் எடுக்காமல் போகப்போவதில்லை. பசி இல்லாத காடு வெறும் வரைபடம்தான்.

நாம் ஆடும் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் 5ஆம் பதிப்பின் 2014 விதிகளில், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு உணவும் ஒரு காலன் தண்ணீரும் வேண்டும். கடும் வெயிலில் தண்ணீர் இரண்டு காலன். தேடுகிறவர் இருபது முகப் பகடையை உருட்டி, பிழைப்புத் திறனைக் கூட்டிக்கொள்ள வேண்டும். செழிப்பான காட்டில் 10 போதும். வறண்ட இடத்தில் 20 வேண்டும். தேடுகிறவரின் கண் தரையில் இருக்கும், அவரால் காவல் பார்க்க முடியாது. யார் குனிவது, யார் நிமிர்ந்து நடப்பது என்று முன்பே பேசிவையுங்கள்.

ஆட்டத்தில் பத்துப் பழம் தரும் 'குட்பெரி' என்ற மந்திரம் உண்டு. அதற்கு மட்டும், ஆட்டத்தை நடத்தும் என் சொந்த விதி: ஒவ்வொரு முறையும் புல்லுருவிக் கிளை ஒன்று செலவாகும். முதலமடை மாந்தோப்புகளில் அண்ணாந்து பாருங்கள். மாவிலைக்கு நடுவே வேறு இலையாக, கொத்தாகத் தொங்கும். விதிநூல் சொல்லும் மிசில்டோ என்ற ஐரோப்பியப் புல்லுருவியின் உறவுச் செடிதான் அது. ஆட்டத்தில் அந்தக் கிளையையும் தேடித்தான் பறிக்க வேண்டும். மந்திரப் பழம் பசியைத்தான் ஆற்றும், தாகத்தை அல்ல.

பகடை வென்றால் "கிடைத்தது" என்று நிறுத்தாதீர்கள். நுங்கா, கிழங்கா, எப்படித் தோண்டினீர்கள், நச்சு போக எத்தனை முறை வேகவைத்தீர்கள் என்று சொல்லுங்கள். நன்றாகச் சொல்பவருக்கு மறுநாள் ஒரு மறு உருட்டல் தருவேன்.

மாலை 4 மணி, வழக்கமான திண்ணையில்.