பழைய அச்சு நூல்களை ஊரிலேயே மின்வடிவாக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1852 இல் முதன்முதலாக அச்சேறிய ஆறுமுக நாவலரின் பெரியபுராண வசனத்தின் பழைய பிரதியொன்று எங்கள் வீட்டில் உண்டு. முகப்புத்தாளைக் கறையான் தின்றுவிட்டது. 2009 இல் புதுக்குடியிருப்பிலிருந்து இடம்பெயர்ந்தபோது அம்மா அதைப் பொலித்தீனில் சுற்றி அரிசிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்ததால் மிஞ்சியது. தாளின் ஓரம் தொட்டால் உதிர்கிறது. ணை, லை, னை ஆகிய எழுத்துகள் பழைய வடிவில், யானைத் துதிக்கை வளைவோடு அப்படியே நிற்கின்றன.

இதை மின்வருடித் தரும்படி கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், நூலை ஒப்படைத்துவிட்டுப் போகும்படியும், பொதுமக்கள் பார்வைக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாதென்றும் கூறினார்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்தவர்கள், இருக்கும் ஒரே பிரதியை ஒரே அலுமாரியில் பூட்டிவைப்பதைப் பாதுகாப்பு என்று எப்படி நம்புவது?

நாவலர் மறைந்தது 1879 இல். ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகளுடன் பதிப்புரிமை முடியும் என்பது இலங்கைச் சட்டம். ஆகவே சட்டத் தடை இல்லை. 2005 முதல் ‘நூலகம்’ என்ற நிறுவனம் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கி இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஆனால் மின்வடிவாக்குவதற்காக உதிரும் தாள்களைப் பஸ்ஸில் யாழ்ப்பாணம் வரை கொண்டுபோக முதியவர்கள் அஞ்சுகிறார்கள்.

எனவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பொது நூலகங்களில் மாதத்தில் ஒருநாளாவது, நூலை அழுத்தி விரிக்காமல் சாய்வான தாங்கியில் வைத்து, மேலிருந்து கமராவால் படமெடுத்து, அன்றைக்கே உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டை உள்ளூராட்சி சபைகள் செய்யவேண்டும். படத்திலுள்ள எழுத்தை வாசித்துத் தட்டச்சாக்கும் எழுத்துணரி மென்பொருள் துதிக்கை எழுத்துகளில் தடுமாறும் என்பதால், படங்களை முதலில் வெளியிட்டுத் தட்டச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாசகர்,
புதுக்குடியிருப்பு