பலாமரத்தடிப் பெட்டிக்குப் புது ராணி

மார்த்தாண்டம்
கார்த்திகை 20

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்து தானே படி ஏறுகிறாள் என்று படித்தபிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். மழையும் ஒருவழியாக விட்டது.

மொட்டைமாடித் தேனீப் பெட்டியில் ராணியைக் காணோம், வேறு ராணியை விட்டால் ஏற்குமா என்று கேட்டிருந்தாய். ஏற்கும். ஆனால் ஐப்பசியில் ஒரு ராணியைச் சாகக் கொடுத்தபிறகுதான் நானே அதைச் சரியாகச் செய்தேன்.

நம் பலாமரத்தடிப் பெட்டிதான். 1992-ல் தாய்லாந்து சாக்புரூட் என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் வந்து ஊரெல்லாம் பெட்டி காலியானபோது, உன் அப்பா புளியமரப் பொந்திலிருந்து பிடித்துத் தந்தாரே, அந்தக் கூட்டத்தின் வழி. அதனால்தான் இவ்வளவு பதறினேன். வாசலில் மகரந்தம் சுமந்து வரும் தேனீ குறைந்திருந்தது. திறந்தால் மெழுகு மூடிய அறைகளில் புழு மட்டும் இருக்கிறது, முட்டை ஒன்றுகூட இல்லை. மறுநாளே ஒரு ராணியைக் கொண்டுவந்து நேராகத் தேனடையில் விட்டுவிட்டேன்.

கண்ணெதிரே வேலைக்காரத் தேனீக்கள் அவளைச் சுற்றிக் கொட்டைப்பாக்கு அளவில் பந்தாக இறுகின. உள்ளே சூடு ஏறியே ராணி செத்துப்போகும். பந்தை அப்படியே கிண்ணத் தண்ணீரில் போட்டேன். தேனீக்கள் பிரிந்தன, அவள் இறக்கை ஒன்று நார்நாராகக் கிழிந்திருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயுமுன் அடங்கிவிட்டாள்.

தப்பு என்னுடையது. அடை தொங்கும் மூன்றாம் மரச்சட்டத்தில், தேனீ மொய்த்திருந்த இடத்தில், புது ராணியை வளர்க்க அவை கட்டிய அவசர ராணி அறை ஒன்று விரல்நுனி போல இருந்ததை நான் பார்க்கவில்லை. தனக்கு ராணி வரப்போகிறது என்று நம்பியிருக்கும் கூட்டம் இன்னொருத்தியை ஏற்காது.

அவையே வளர்க்கட்டும் என்று விடலாமே என்பாய். முட்டையிலிருந்து ராணி வெளிவரப் பதினைந்து பதினாறு நாள். பறந்து இணைசேர்ந்து முட்டையிடத் தொடங்க இன்னும் பத்துப் பதினைந்து நாள். அடைமழையில் அவள் எங்கே பறப்பாள்? வெயில் வந்தாலும் பஞ்சுருட்டான் குருவி பிடித்துவிட்டால் பெட்டியே போச்சு. மாசியில் ரப்பர் தளிர்த்து இலைக்காம்பில் தேன் சுரக்கும்போது பெட்டி நிறைய ஆள் வேண்டும்.

இரண்டாம் தடவை ஒவ்வொரு சட்டமாகத் தேனீயை உதறிப் பார்த்து ராணி அறைகளைக் கிள்ளினேன். தெற்குப் பெட்டிக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்ததில் முட்டையிட்டுக்கொண்டிருந்த இளம் ராணி ஒன்று இருந்தாள். அவளை மட்டும் விரல்நீளக் கம்பிவலைக் கூண்டில் விட்டு, அதன் வாயைத் தேனில் பிசைந்த சீனிப்பொடியால் அடைத்து, புழு உள்ள இரண்டு அடைகளுக்கு நடுவே செருகினேன். மாலையில் சீனிப்பாகும் வைத்தேன். பசித்த கூட்டத்துக்குக் கோபம் அதிகம்.

மறுநாள் கூண்டைப் பார்த்தேன். தேனீக்கள் வலையைக் கடித்துப் பிடித்திருந்தன, விரலால் தள்ளினாலும் விடவில்லை. அப்படி இருக்கும்வரை சீனியடைப்பை அவை தின்றுவிடக் கூடாது என்று அதன்மேல் ஒரு காகிதத் துண்டைக் கட்டினேன். மூன்றாம் நாள் பிடி தளர்ந்து, வலை வழியே நாக்கை நீட்டி அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தன. அவள் வாசனை கூட்டம் முழுக்கப் பரவிவிட்டது என்று அதில் தெரிந்தது. காகிதத்தை எடுத்துவிட்டேன். சீனியைத் தின்று அவையே அவளை வெளியே விட்டன.

பிறகு ஒரு வாரம் பெட்டியைத் தொடவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். எட்டாம் நாள் நடு அடையை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தேன். அறைக்கு ஒன்றாக, அடியில் நட்டுவைத்த நொய்யரிசி போல முட்டை. கண் கலங்கிவிட்டது மக்கா.

உன் பெட்டியில் முதலில் ஒன்றைப் பார். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் சுவரில் ஒட்டியிருந்தால் வேலைக்காரத் தேனீயே முட்டையிடத் தொடங்கிவிட்டது. அதில் ஆண் தேனீதான் பிறக்கும். நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ இந்த நிலைக்குச் சீக்கிரம் போய்விடும். அப்படியென்றால் ராணியை வீணாக்காதே. நடுவே செய்தித்தாள் வைத்து, ராணியுள்ள பலமான பெட்டியோடு சேர்த்துவிடு. அப்படி இல்லையென்றால் எழுது, இங்கே இன்னொரு இளம் ராணி இருக்கிறாள், நானே கொண்டுவருகிறேன்.

கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்து இந்தக் கடிதத்தோடு பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். வாய்ப்பக்கக் கம்பி கொஞ்சம் வளைந்திருக்கும், பார்த்து நிமிர்த்திக்கொள்.

உன் அன்பு நண்பன்